கடைக்காரர் போட்டுக் கொடுத்த மெயில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு மொபைல் கடை. போன ஜூன் மாதம் டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொள்ள அங்கே நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, கூடவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள். பழைய போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து உயிரை விட்டுவிட்டதாம், புதிது வாங்கியிருந்தார்கள். கடைப் பையன் மொழி, வைஃபை எல்லாம் முடித்து ஓர் இடத்தில் வந்து நின்றான்.

"அக்கா, மெயில் ஐடி சொல்லுங்க."

"பழைய போன்ல இருந்துதே தம்பி."

"அதான்க்கா, அது என்ன ஐடி? பாஸ்வேர்டு என்ன?"

"அதெல்லாம் தெரியாதுப்பா. போன் வாங்கின கடைக்காரருதான் போட்டுக் குடுத்தாரு."

பையன் முகத்தில் வியப்பே இல்லை. தினமும் கேட்கிற பதில் போலிருக்கிறது. "சரிக்கா, புதுசா ஒண்ணு போட்டுடலாம்" என்றான். மகள்தான் பதறினாள். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தபோது கொடுத்தது அந்தப் பழைய ஐடியை.

அந்த மெயில் யாருடையது? பெயர் அவளுடையது. கடிதங்கள் அவளுக்கு வந்தவை. ஆனால் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது. மறந்துபோனால் ஓடிபி போய்ச் சேருகிற எண்ணும் அவளுடையதல்ல. போனில் மின்னஞ்சல் வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் 'எந்த ஆப் நல்லா இருக்கும்' என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. கணக்கு கைவிட்டுப் போனால் அதைத் திரும்ப வாங்கும் வழி யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

முகவரி வேறு, சேவை வேறு, செயலி வேறு

'மெயில்' என்ற ஒரே சொல்லை நாம் மூன்று பொருளுக்குப் புழங்குகிறோம். ஒன்று முகவரி. இரண்டாவது, அந்த முகவரிக்கு வரும் கடிதங்களைத் தன் கணினிகளில் வைத்துக் காக்கிற நிறுவனம், அதாவது சேவை. மூன்றாவது, அவற்றை நாம் போனில் பார்க்கிற ஜன்னலான செயலி. ஜிமெயிலில் மூன்றுக்கும் ஒரே பெயர் என்பதால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. ஜிமெயில் செயலியில் யாஹூ முகவரியை வைத்துப் பார்க்கலாம். ஜிமெயில் முகவரியை அவுட்லுக் செயலியிலும் பார்க்கலாம். 'ஆப்பை அழித்தேன், மெயில் எல்லாம் போச்சா?' என்று கேட்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஜன்னலைச் சாத்தினால் வீட்டுக்குள் இருக்கும் பொருள் எங்கும் போகாது.

முகவரி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. பாகூரும் கிருமாம்பாக்கமும் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டவை. ஆனால் அவற்றின் அஞ்சல் குறியீட்டு எண் 607402. கடலூரைப் போலவே 607-ல் தொடங்கும். புதுச்சேரி நகரத்துக்கோ 605. கடிதத்துக்கு ஆட்சி எல்லையைப் பற்றிக் கவலையில்லை. குறியீடு எந்தத் தபால் நிலையத்தைக் காட்டுகிறதோ அங்கே போய்விடும், அதன் பிறகுதான் தெருவும் பெயரும். மின்னஞ்சலிலும் 'அட்' குறிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் அந்தக் குறியீடு. எந்த நிறுவனத்தின் கணினிக்குப் போக வேண்டும் என்பதை அது மட்டுமே முடிவு செய்கிறது; முன்னால் இருக்கும் பெயரைப் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் பார்ப்பார்கள். 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அந்தக் குறியைப் பெயருக்கும் கணினிக்கும் நடுவில் போட்டதிலிருந்து அடிப்படை இதேதான்.

இடையில் மாறியது வேறொன்று. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, இணைப்பு தருபவரே முகவரியும் தருவார். இணைப்பை விட்டால் முகவரியும் போகும். 1996 ஜூலையில் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைக் கொண்டுவந்தார்கள். எந்தக் கணினியிலிருந்தும், யாருடைய இணைப்பிலிருந்தும் பார்க்கலாம் என்றானது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக் காசு கொடுத்து மெயில் பார்த்த காலம் அந்த வசதியில் பிறந்ததுதான். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்து 1 ஜிபி இடம் தந்தது. தேதியைப் பார்த்து ஏப்ரல் முட்டாள் விளையாட்டு என்று நினைத்தவர்கள் பலர்.

அதன் பிறகு ஆண்ட்ராய்டு வந்தது. இணைப்பிலிருந்து விடுபட்ட முகவரி இப்போது போனோடு கட்டப்பட்டது. புதுப் போனைத் திறந்ததும் கேட்கும் அந்த 'மெயில் ஐடி' கடிதம் வாங்குவதற்காகக் கேட்கப்படுவதல்ல. பிளே ஸ்டோர், தொடர்பு எண்கள், படங்கள், பேக்கப் எல்லாவற்றுக்குமான கூகுள் கணக்கு அது. ஜிமெயில் அதில் ஒரு பகுதி. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் இன்னொரு பூட்டும் சேர்ந்துகொண்டது. கணக்கை எடுக்காமல் போனை ரீசெட் செய்தால், பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே நிற்கும். திருடனுக்காக வைத்த பூட்டு. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் செகண்ட் ஹேண்ட் போன் வாங்குகிற அப்பாவியும் அதில்தான் மாட்டிக்கொள்கிறார். விற்றவர் எதிரில் நிற்கும்போதே அவருடைய கணக்கை நீக்கச் சொல்லுங்கள்.

பெயர் வைப்பது

புது முகவரி போடுவதென்றால் ஒரு சோதனை. அதை போனில் ஒரே தடவை சொல்லி எதிர்முனையில் இருப்பவரைச் சரியாக எழுதவைக்க முடிகிறதா? வங்கிக் கிளையிலும் கல்லூரி அலுவலகத்திலும் ஆஸ்பத்திரி கவுண்டரிலும் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகிறீர்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு இது பெரிய தலைவலி. எழிலரசியின் 'ழ'வுக்கு ஒருவர் ஸெட், ஹெச் போடுவார். இன்னொருவர் எல் போடுவார். பூங்கொடிக்கு இரண்டு ஓ-வா, ஒரு யூ-வா? இதற்கு மேல் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல். கடலூர் முருகன் எம், யூ, ஆர், யூ என்று எழுதிக்கொண்டு போவார். சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே போனால், பழைய பிரெஞ்சு வழக்கப்படி 'உ' வரும் இடமெல்லாம் ஓ-வும் யூ-வும் சேர்த்துப் போட்டுக் கடைசியில் ஒரு ஈ-யும் ஒட்டவைப்பார் புதுச்சேரி முருகன். இரண்டு பேரும் சரிதான். ஆனால் கடலூரில் உட்கார்ந்திருக்கும் கிளார்க், புதுச்சேரி முருகனின் ஐடியைக் காதால் கேட்டுத் தட்டச்சு செய்தால் கடிதம் வேறு யாருக்காவது போகும். ஆதாரிலோ சான்றிதழிலோ இருக்கும் எழுத்துக்கூட்டலையே முகவரிக்கும் வைத்துக்கொள்வது நல்லது. குறைந்தபட்சம், 'ஆதார்ல இருக்கிற மாதிரியே' என்று சொல்லிவிடலாம்.

ஜிமெயிலில் பெயர்ப் பகுதி 6 முதல் 30 எழுத்து வரை இருக்கலாம். நடுவில் போடும் புள்ளிகளை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிதான். இது தெரியாமல், புள்ளி வைத்தது தன்னுடைய ஐடி என்று நம்பிக்கொண்டு யாரோ ஒருவர் எங்கெங்கோ கொடுத்துவைத்திருக்கிறார். அவருடைய கடன் தவணை நினைவூட்டல் மாதா மாதம் எனக்கு வருகிறது. அவர் கட்டினாரா என்று நான் கவலைப்படுகிற நிலைமை.

அடிக்கோடு வேண்டாம். சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. அடிக்கோடிட்ட இணைப்பாகத் திரையில் தெரியும்போது அது இருப்பதே மறைந்துவிடும். பத்தாம் வகுப்பில் 'தளபதி வெறியன்' என்று போட்ட ஐடியை வைத்திருப்பவர்கள் சினிமாவுக்கு டிக்கெட் போட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்க முடியாதா? முடியும். '.இந்தியா' என்று தமிழில் முடியும் இணையப் பெயரே (டொமைன்) இருக்கிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூடத் தமிழில் உண்டு. 2014 முதல் ஜிமெயில் அப்படிப்பட்ட முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிலிருந்து வாங்கவும் செய்கிறது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் நிரப்புகிற ஆன்லைன் விண்ணப்பங்களில் பல ஆங்கில எழுத்தல்லாத முகவரியைப் பிழை என்று தள்ளிவிடும். அதனால் இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

யாரிடம் வைப்பது

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவருக்கு கூகுள் கணக்கு எப்படியும் வந்துவிடும். கேள்வி, முக்கியமான கடிதங்களையும் அங்கேயே வைப்பதா என்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு என் பதில் ஆமாம். ஸ்பேமை, அதாவது கேட்காமல் வந்து குவியும் குப்பைக் கடிதங்களை, பிடிப்பதில் அது கெட்டி. எந்த விண்ணப்பப் படிவமும் அதை மறுக்காது. கடிதங்களைப் படித்துப் பார்த்து விளம்பரம் காட்டுகிறது என்ற புகார் பழையது. கடித உள்ளடக்கத்தை வைத்து விளம்பரங்களைத் தீர்மானிப்பதை நிறுத்துவதாக 2017-ல் கூகுள் அறிவித்தது. அதற்காக நம்மைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தமில்லை. தேடலும் மேப்பும் யூடியூபும் இருக்கின்றனவே.

ஜிமெயிலின் உண்மையான வில்லங்கம் இடம். 15 ஜிபி என்பது மெயிலுக்கு மட்டுமல்ல. டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 வரை சற்றே சுருக்கிய படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று இருந்தது. அதன் பின் அவையும் கணக்கில் வந்தன. 2024-க்குள் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இதில் சேர்ந்துவிட்டது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்பக் குரூப்பில் தினமும் வரும் காலை வணக்கப் படங்கள், கிரகப்பிரவேச வீடியோ, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போனபோது எடுத்த நூறு படம். எல்லாம் பேக்கப்பாகி 15 ஜிபி நிரம்பினால் மெயில் போவதும் நிற்கும், வருவதும் நிற்கும். கல்லூரியிலிருந்து வரும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். 'எனக்கு மெயிலே வரலையே' என்று வருகிறவரிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஸ்பேம் பெட்டியை. அடுத்து இந்த இடக் கணக்கை.

ஹாட்மெயிலை 1997 கடைசியில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இப்போது அது அவுட்லுக். மெயிலுக்கு மட்டும் 15 ஜிபி தனியாக இருப்பது அதன் நல்ல குணம். யாஹூவில் பழைய கணக்கு இருந்தால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வைத்திருங்கள். 2013-ல் அங்கே நடந்த திருட்டில் அப்போதிருந்த 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டதாக அந்நிறுவனமே பின்னால் ஒப்புக்கொண்டது. புதிதாக அங்கே போக எனக்குக் காரணம் தெரியவில்லை. ஐகிளவுட் ஐபோன்காரர்களுக்கு, இலவசம் 5 ஜிபிதான், அதிலும் போனின் பேக்கப் பங்குக்கு வரும்.

ஸோஹோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்த நிறுவனம். ஸ்ரீதர் வேம்பு அதன் நிறுவனர்களில் ஒருவர். 2008 முதல் மெயில் தருகிறது. இந்தியப் பயனாளர்களுக்கான தரவு மையங்கள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கின்றன. மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் அந்தத் தளத்துக்கு மாறியதும், 2025 அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் முகவரியை அங்கே மாற்றியதாக அறிவித்ததும் செய்தியானது. விளம்பரம் கிடையாது என்பது எனக்குப் பிடித்த அம்சம். தனி ஆளைவிடச் சிறு வியாபாரிக்கு இது அதிகம் பயன்படும். கடை பெயரில் ஓர் இணையப் பெயர் வாங்கிவிட்டால் ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி என்று இலவசமாகவே முகவரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இலவசத் திட்டத்தில் பிரவுசரிலும் ஸோஹோவின் சொந்தச் செயலியிலும் மட்டும்தான் பார்க்க முடியும்.

கடைப் பெயரில் முகவரி வைப்பதற்கு வேறொரு லாபம் உண்டு. நாளைக்கு ஸோஹோ பிடிக்கவில்லையென்றால் முகவரியை மாற்றாமலே வேறு சேவைக்குப் போய்விடலாம். பாகூர்க் கடிதத்தை எந்தத் தபால் நிலையத்துக்கு அனுப்புவது என்பதை நாமே தீர்மானிக்கிற மாதிரி. ஒன்றே ஒன்று, வருஷா வருஷம் இணையப் பெயரைப் புதுப்பிக்க வேண்டும். அதையும் யாரோ ஒரு 'வெப்சைட் பையன்' தன் பெயரில் பதிந்துவைத்திருந்தால் மறுபடி லாரன்ஸ் ரோடு கதைதான்.

புரோட்டான் மெயில், 2014-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் சந்தித்தவர்கள் தொடங்கியது. புரோட்டானிலிருந்து புரோட்டானுக்குப் போகும் கடிதத்தை நிறுவனத்தாலும் படிக்க முடியாது. ஜிமெயில்காரருக்கு அனுப்பும் சாதாரணக் கடிதத்துக்கு அந்தக் காப்பு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இலவச இடம் 1 ஜிபி வரை. சென்னைப் பள்ளிகளுக்கு இதன் வழியாக வெடிகுண்டு மிரட்டல் போன 2024-லேயே இதைத் தடுக்கும் பேச்சு எழுந்தது; 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் இதை முடக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நல்ல சேவைதான். ஆனாலும் ஒரு நாள் காலையில் திறக்காமல் போகக்கூடும் என்ற சாத்தியம் இருக்கும்போது பாஸ்போர்ட்டையும் வருமான வரியையும் அதில் கட்டிவைக்க நான் தயாரில்லை.

போனில் அமைப்பது

ஜிமெயில், அவுட்லுக், யாஹூ முகவரிகளுக்கு வேலை சுலபம். செயலியைத் திறந்து, கணக்கைச் சேர், முகவரி, பாஸ்வேர்டு, முடிந்தது. கல்லூரி, கம்பெனி, சொந்த இணையப் பெயர் என்று வரும்போதுதான் 'ஐமேப்பா பாப்பா' என்று அது கேட்கும்.

பாப், 1984-ல் வந்த முறை. இணைப்பு அரிதாக, காசாக இருந்த காலம். வந்தோமா, கடிதங்களை அள்ளினோமா, இணைப்பைத் துண்டித்தோமா என்று வேலை செய்யும். அள்ளிய பிறகு சர்வரில், அதாவது சேவை நிறுவனத்தின் கணினியில், வைத்திருப்பதும் அழிப்பதும் அமைப்பைப் பொறுத்தது. 1986-ல் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய ஐமேப், நூலகத்துக்குப் போய்ச் செய்தித்தாள் படிப்பது போல. தாள் அங்கேயே இருக்கும். நீங்களும் படிக்கலாம், வேறு நாற்காலியில் உட்கார்ந்தும் படிக்கலாம். போன், லேப்டாப் இரண்டிலும் பார்ப்பவர்களுக்கு ஐமேப்தான். பாப் போட்டு, போனில் அள்ளி, சர்வரில் அழிந்து, அந்தப் போனும் தண்ணீரில் விழுந்தால் கடிதம் எங்குமே இல்லை.

உள்ளே வரும் சர்வருக்கு ஐமேப் என்றால் 993 என்ற எண். வெளியே போகும் சர்வருக்கு 465 அல்லது 587. பயனர் பெயர் என்ற இடத்தில் முழு முகவரியையும் போட வேண்டும். மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் பெரும்பாலும் வெளியே போகும் சர்வருக்கும் உள்நுழைவு தேவை என்ற கட்டத்தில் டிக் போட மறந்திருப்பார்கள்.

இன்னொரு மர்மம்: பாஸ்வேர்டு சரி, பிரவுசரில் திறக்கிறது, பழைய மெயில் செயலியில் மட்டும் தவறு என்கிறது. வெறும் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு உள்ளே வரும் செயலிகளை கூகுள் 2022 மே 30 முதல் தனி ஆட்களின் கணக்குகளில் அனுமதிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 அன்று அதே கதவை அடைத்தது. கூகுளில் இரண்டு படிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனையும் கேட்பது) போட்டுவிட்டு 16 எழுத்துச் செயலிப் பாஸ்வேர்டு ஒன்றை வாங்கினால் பழைய செயலியும் வேலை செய்யும். அதைவிடச் செயலியையே மாற்றிவிடலாம். ஆண்ட்ராய்டில் நெடுநாள் பேர்பெற்ற கே-9 மெயிலை 2022-ல் கணினிக்கான மெயில் மென்பொருளான தண்டர்பேர்டின் குழு சேர்த்துக்கொண்டு, 2024 அக்டோபரில் தன் பெயரிலேயே வெளியிட்டது. இலவசம், விளம்பரம் இல்லை, நடுவில் ஆள் இல்லாமல் நேரே உங்கள் சர்வரோடு பேசும். எல்லாச் செயலியும் அப்படியல்ல. அவுட்லுக் செயலியில் ஜிமெயிலைச் சேர்த்தால் அந்தக் கடிதங்கள் மைக்ரோசாஃப்டின் கணினிகள் வழியாகத்தான் உங்களுக்கு வரும். தப்பு என்று சொல்லவில்லை, தெரிந்து செய்ய வேண்டும்.

மெயில் தாமதமாக வருவதற்குப் பாதி நேரம் காரணம் பேட்டரி. நம் ஊரில் அதிகம் விற்கும் போன்கள் பல, பின்னணியில் ஓடும் செயலிகளை பேட்டரியைச் சேமிப்பதற்காகத் தூங்கவைத்துவிடும். திறந்து பார்த்தால் ஒரே நேரத்தில் பத்து மெயில் கொட்டும். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஐபோனில் கதை வேறு. அதோடு வரும் மெயில் செயலியில் ஜிமெயில் வைத்தால், கடிதம் வந்ததும் தள்ளப்படுவதில்லை. போன் அவ்வப்போது போய்க் கேட்டு வாங்கிவரும். உடனே வேண்டுமென்றால் ஜிமெயில் செயலியையே போட்டுக்கொள்ளுங்கள்.

சிப்காட் பக்கமோ நெய்வேலிப் பக்கமோ வேலை பார்ப்பவர்கள் கம்பெனி மெயிலைச் சொந்தப் போனில் சேர்க்கும்போது ஓர் அனுமதி கேட்கப்படலாம்: இந்தச் சாதனத்தை நிர்வகிக்கவும், தேவைப்பட்டால் அதில் உள்ளவற்றை அழிக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று. அவசரத்தில் 'ஓகே' போடுகிற இடம் அது. குழந்தையின் படங்களும் அதே போனில் இருக்கின்றன என்பதை ஒரு நொடி நினைத்துவிட்டுப் போடுங்கள்.

திரும்ப வாங்கும் வழி

மீட்பு எண், மீட்பு மெயில் என்று இரண்டு இடம் கணக்கு அமைப்பில் இருக்கும். கடைக்காரர்களும் பிரவுசிங் சென்டர்காரர்களும் இதில் தங்கள் எண்ணைப் போடுவது கெட்ட எண்ணத்தால் அல்ல. ஓடிபி தங்கள் போனுக்கே வந்தால் வேலை சீக்கிரம் முடியும். கியூவில் இன்னும் நாலு பேர். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அந்தக் கணக்கின் சாவி அவரிடம். அவர் கடையை மூடினாலும், எண்ணை மாற்றினாலும், சாவி அவரோடு போகும்.

சொந்த எண்ணைப் போட்டாலும் அது நிலைக்கிற எண்ணா என்று பார்க்க வேண்டும். பரங்கிப்பேட்டையிலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஊர் சிம்மை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போவார்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் இணைப்பு துண்டிக்கப்படலாம். அப்படித் துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். 2023 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்ச நீதிமன்றத்திலேயே இதைச் சொன்னது. நீங்கள் துபாயில் பாஸ்வேர்டை மறக்கிறீர்கள், ஓடிபி ஊரில் முன்பின் தெரியாத ஒருவருடைய போனில் விழுகிறது. போகிறவர்கள் மீட்பு எண்ணை மனைவியின் எண்ணுக்கோ அண்ணன் எண்ணுக்கோ மாற்றிவிட்டு விமானம் ஏறுவது நல்லது.

மீட்பு மெயிலில் இன்னொரு வகைத் தவறு. முதல் கணக்குக்கு இரண்டாவது, இரண்டாவதுக்கு முதல் என்று கொடுத்துவிட்டு இரண்டையும் ஒரே போனில் வைத்திருப்பார்கள். பீரோ சாவியைப் பெட்டியிலும் பெட்டிச் சாவியை பீரோவிலும் வைத்துப் பூட்டிய கதை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்த் தெருக்களில் நுழைந்தது. 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம். நமக்கு இது புதிதல்ல. போனும் சிம்மும் ஒரே நேரத்தில் போகிற ஊர் இது. அதனால் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுபவர்கள் எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் நம்ப வேண்டாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பேக்கப் குறியீடுகள் என்று ஒன்று உண்டு. எட்டு இலக்க எண்கள் பத்து தரும். ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தலாம், போனே தேவையில்லை. ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். இன்னொரு பிரதி பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ இருக்கும் தங்கை வீட்டில். கணினித் துறை நண்பர்கள் 'பாஸ்வேர்டைத் தாளில் எழுதாதே' என்று கோபப்படுவார்கள். உங்கள் பீரோவைத் திறந்து பேக்கப் குறியீட்டைத் திருடும் ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. மறந்துபோய் அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு இது வாக்குரிமை வரை போகிறது. 2022, 2024 பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தல்களில் வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் இணையம் வழியாகவும் வாக்களிக்க முடிந்தது. அதற்குத் தூதரகப் பதிவில் இருக்கும் மின்னஞ்சலும் போன் எண்ணும் உயிரோடு இருக்க வேண்டும். தாத்தாவுக்குப் பேரன் பாரிஸிலிருந்து போட்டுக் கொடுத்த ஐடி என்றால் பாஸ்வேர்டு பேரனிடம்தான் இருக்கும். ஒருதடவை போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

திறக்காமலே கிடக்கும் கணக்குகளையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. இரண்டு வருஷம் பயன்படுத்தாத தனி ஆட்களின் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியது. ஏதோ ஒரு தேர்வுக்காகப் போட்டு மறந்த ஐடி இந்தப் பட்டியலில் இருக்கலாம்.

லாரன்ஸ் ரோட்டுக்கு வருவோம். பையன் பழைய ஐடியை மீட்க முயன்றான். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டி, இந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பவா என்று கேட்டது போன். அம்மாவின் எண்ணும் இல்லை, அப்பாவின் எண்ணும் இல்லை. பழைய கடைக்காரருடையதாக இருக்கும். கடை எங்கே என்று கேட்டான். "அது இப்ப பிரியாணிக் கடைப்பா" என்றார் அந்த அம்மா. கலந்தாய்வு விண்ணப்ப எண்ணையும் அதன் பாஸ்வேர்டையும் மகள் நோட்டில் எழுதிவைத்திருந்தாள். குறுஞ்செய்தி அம்மாவின் எண்ணுக்கு வந்துகொண்டிருந்தது. உதவி மையத்தில் போய்க் கேட்டால் மெயிலை மாற்றித் தருவார்கள் என்று பையன் தைரியம் சொன்னான். அப்புறம் புது ஐடி போட ஆரம்பித்தான். பெயர், பிறந்த தேதி, பாஸ்வேர்டு. போன் எண் கேட்ட இடத்தில், கை பழக்கத்தில், தன்னுடைய எண்ணின் முதல் நாலு இலக்கத்தை அடித்துவிட்டான்.

"அண்ணா, குடுங்க. நானே போட்டுக்கறேன்" என்று அவள் போனை வாங்கிக்கொண்டாள்.